நிலைக்கு வராத மெயில்

சில வருடங்களுக்கு முன்பு, ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள் காலை. வண்ணார்பேட்டையில் மோட்டார் பம்பு உதிரிபாகங்கள் விற்கும் ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. முதலாளி அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் விஷயம் அதிகம் தெரியாது. ஆனால் ஏதாவது சரியில்லை என்றால் முதலில் தெரிவது அவருக்குத்தான். "தம்பி, நெட்டு நகர மாட்டேங்கு. தென்காசிக் கிளைக்கு ஒரு பில்லு அனுப்ப முடியல."

போய்ப் பார்த்தால் நெட்டில் கோளாறு ஒன்றும் இல்லை. ஏழெட்டு மெயில்கள்தான் காரணம். போன வாரம் வேலையை விட்டுப் போன ஒரு பையனின் முகவரிக்கு வந்தவை, ஒவ்வொன்றிலும் 12 எம்பி விலைப்பட்டியல். தேரோட்ட விடுமுறைக்கு அண்ணாச்சி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் சர்வர் எழுந்ததும் வெளியே காத்துக்கொண்டிருந்த மெயில்கள் எல்லாம் மொத்தமாக உள்ளே வந்தன. அங்கே சிலரின் மெயில்பெட்டி அலுவலக மூலையில் இருந்த சர்வரில், மற்றவர்களுடையது இணையத்தில் உள்ள கிளவுடு சேவையில். அலுவலக சர்வர் அந்தப் பையனின் பெயரைத் தேடியது. இல்லை. "சரி, கிளவுடில் இருப்பான்" என்று அங்கே தள்ளியது. கிளவுடிலும் அந்தப் பெயரை முந்தின நாள்தான் நீக்கியிருந்தார்கள். "அப்படியானால் பழைய சர்வரில் இருப்பான்" என்று அது திருப்பித் தள்ளியது. இப்படியே காலை முழுக்க.

முதல் நாள் கிளம்பிய நெல்லையப்பர் தேர் நான்கு ரதவீதியும் சுற்றிவிட்டு நிலைக்கு வந்து நின்றுவிட்டது. இந்த மெயில்களுக்கு நிலை என்று ஓர் இடமே இல்லை. அந்த அமைப்பைச் செய்து கொடுத்தவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெயில் லூப் என்று இதற்குப் பெயர். இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு சர்வரில் எதுவும் தவறு செய்யவில்லை. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இரண்டின் அமைப்பும் நியாயமானவை. "என்னிடம் இல்லாத பெயர் அடுத்தவரிடம் இருக்கலாம்" என்பது மரியாதையான எண்ணம்தானே? இரண்டு பேரும் ஒரே மரியாதையைக் காட்டியதுதான் கோளாறு. "இப்படி ஒரு ஆள் இங்கே இல்லை" என்று முடிவாகச் சொல்லும் உரிமையை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

அஞ்சல் துறையில் அந்த உரிமை யாருடையது என்பதில் குழப்பமே கிடையாது. 627002 என்று எழுதிய கடிதம் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் பாளையங்கோட்டைக்கு வந்து சேரும். அங்கே அந்தத் தெருவுக்குப் போகிற போஸ்ட்மேன் "இப்படி ஒருவர் இல்லை" என்று எழுதினால் விஷயம் முடிந்தது, கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். ஆளைத் தேடி மேலப்பாளையத்துக்கு அனுப்பிப் பார்ப்போம் என்று அவர் நினைப்பதில்லை.

வாட்டம் கொடுக்கும் எண்

ஒரு மெயில் சர்வருக்கு முழு வழியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அடுத்த படி மட்டும். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற மெயில் பரிமாற்ற விதிகளிலிருந்தே அதுதான் நடைமுறை: வாங்கு, அடுத்தவரிடம் ஒப்படை, ஒப்படைத்தது உறுதியானால் உன் பொறுப்பு முடிந்தது. அடுத்தவர் யார் என்பதை, இணையப் பெயர்களின் முகவரிப் புத்தகமான டி.என்.எஸ் வழியாகக் கண்டுபிடிக்கும் முறையை 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்எஃப்சி 974 என்ற இணைய விதி ஆவணம் வகுத்தது. எந்த சர்வர் மெயிலை வாங்கும் என்று காட்டும் எம்எக்ஸ் பதிவு என்று இன்று நாம் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

ஒரு டொமைனுக்கு, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயருக்கு, இரண்டு மூன்று எம்எக்ஸ் வரிகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சின்ன எண்ணுக்கு முன்னுரிமை. 10 என்று போட்ட சர்வர் கிடைக்கவில்லை என்றால் 20-க்குப் போகலாம். இது பலருக்கும் தெரியும். அதே ஆவணத்தில் இன்னொரு விதி இருக்கிறது, அதைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். மெயிலைக் கையில் வைத்திருக்கும் சர்வரின் பெயரே அந்தப் பட்டியலில் இருந்தால், தன் எண்ணுக்குச் சமமான வரிகளையும் அதைவிடப் பெரிய எண் உள்ள வரிகளையும் அது அடித்துவிட வேண்டும். அதாவது 20-ல் இருப்பவர் 10-க்கு மட்டும்தான் தள்ளலாம். இன்னொரு 20-க்கோ 30-க்கோ தள்ளக் கூடாது.

கன்னடியன் கால்வாயில் திறந்துவிட்ட தண்ணீர் சேரன்மகாதேவிப் பக்கம் போகிறது, திரும்பிக் கல்லிடைக்குறிச்சிக்கு வருவதில்லை. அதைத் தடுக்கத் தனியாக ஆள் போடவில்லை, வாட்டம் அப்படி. எம்எக்ஸ் எண்ணும் ஒரு வாட்டம்தான். ஒவ்வொரு படியிலும் எண் குறைந்துகொண்டே போகவேண்டும் என்றால் சுற்றி வருவதற்கு வழியே இல்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய இந்த ஏற்பாடு இன்றும் அசையாமல் நிற்கிறது. எம்எக்ஸை மட்டும் நம்பி ஓடும் சர்வர்களுக்கு இடையே லூப் விழுவதை நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

அப்புறம் எங்கே விழுகிறது? நாம் பம்புசெட் வைக்கிற இடத்தில். எந்த டொமைனை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று நாமே எழுதும் டிரான்ஸ்போர்ட் மேப், வெளியே போகும் மெயிலை வாங்கி அனுப்பும் ரிலேஹோஸ்ட், ஃபார்வர்டு, "தெரியாத பெயரை அங்கே அனுப்பு" என்கிற கேட்ச்-ஆல், இவையெல்லாம் பெறுபவருடைய டொமைனின் எம்எக்ஸைக் கேட்காமல் மெயிலைத் தூக்கி வேறு இடத்தில் விடுபவை. இவற்றுக்கு எண் கிடையாது, வாட்டமும் கிடையாது. தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிவிட்டால் அது மறுபடி பள்ளத்துக்குத்தான் ஓடிவரும். இவை இல்லாமல் ஓர் அலுவலகத்தை நடத்தவும் முடியாது என்பது வேறு விஷயம்.

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் ஒரு சின்னக் குறி இந்த வித்தியாசத்தை அழகாகக் காட்டும். ரிலேஹோஸ்ட் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் "எம்எக்ஸ் பார்க்காதே, நேராக இந்த மெஷினுக்கே போ" என்று பொருள். அடைப்பு இல்லாமல் எழுதினால் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் தேடும். அந்த எம்எக்ஸ் நம் சர்வரையே காட்டினால்? அடைப்பை மறந்து ஒரு மதியத்தைத் தொலைத்தவர்கள் நிறைய. நானும் அதில் ஒருவன்.

எது என் டொமைன்?

ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: இந்த டொமைனுக்கு நான்தான் கடைசியா, வாங்கி வேறு சர்வருக்குக் கொடுப்பவனா, இல்லை இது வெளியூர் சரக்கா? கடைசி என்றால் பெட்டியில் போடு, பெட்டி இல்லையென்றால் மறு. வாங்கிக் கொடுப்பவன் என்றால் உள்ளே இருக்கும் சர்வருக்கு அனுப்பு. வெளியூர் என்றால் நம் ஆட்கள் அனுப்பியதை மட்டும் எடுத்துக்கொள். போஸ்ட்ஃபிக்ஸில் இவை மைடெஸ்டினேஷன், விர்ச்சுவல் டொமைன்கள், ரிலே டொமைன்ஸ் என்று வெவ்வேறு பட்டியல்களாக இருக்கும். ஒரு டொமைன் ஒரு பட்டியலில்தான் இருக்க வேண்டும். இரண்டில் எழுதினால் சர்வரின் பதிவேடான லாகில் எச்சரிக்கை வரும். எச்சரிக்கைதானே என்று விடக் கூடாது.

பட்டியலிலேயே எழுத மறந்தால் என்ன ஆகும்? எம்எக்ஸ் நம் மெஷினைக் காட்டுகிறது, நம் மெஷினோ அது தன் டொமைன் இல்லை என்கிறது. வெளியே அனுப்பப் போய், முகவரியைப் பார்த்தால் தன் வீடு. போஸ்ட்ஃபிக்ஸ் அந்த இடத்திலேயே நின்று, "இந்த டொமைனின் மெயில் என்னிடமே திரும்புகிறது" என்று 5.4.6 எண்ணோடு பிழை எழுதிவிடும். பார்க்கப் பயமாக இருக்கும். உண்மையில் இது நல்ல செய்தி, லூப் தொடங்கும் முன்பே பிடிபட்டுவிட்டது.

ஆனால் சின்ன அலுவலகங்களில் இந்தக் காவலைப் பாதிநேரம் நாமே கண்ணைக் கட்டிவிடுகிறோம். பிராட்பேண்ட் ரூட்டருக்கு ஒரு நிலையான ஐபி எனும் இணைய முகவரி, அதற்குப் பின்னால் 192.168 என்று தொடங்கும் உள் ஐபியில் சர்வர். எம்எக்ஸ் காட்டுவது ரூட்டரின் ஐபியை. சர்வருக்கு அது தன் முகவரி என்றே தெரியாது. யாரோ வெளியாள் என்று நினைத்து அனுப்பும், ரூட்டர் அதைச் சுற்றி உள்ளேயே கொண்டுவந்து விடும். போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் பிராக்ஸி இன்டர்ஃபேசஸ் என்ற ஒரு வரியில் அந்த வெளி ஐபியை எழுதிவிட்டால் தீர்ந்தது. ஒரே ஒரு வரி. ரூட்டருக்குப் பின்னால் வைக்கும் எந்த சர்வரிலும் நான் முதலில் எழுதுவது இதைத்தான்.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. தயாராக இருந்த ஒரு சர்வரை அப்படியே நகலெடுத்து இரண்டாவது சர்வராக ஓடவிட்டு, ஹோஸ்ட்நேமை, அதாவது மெஷினின் பெயரை, மாற்ற மறந்துவிடுவார்கள். முதலாவது இரண்டாவதை அழைக்கும், அது முதலாவதின் பெயரைச் சொல்லியே வணக்கம் வைக்கும். "நான் என்னையே அழைத்துவிட்டேன்" என்று முதலாவது மெயிலை நிறுத்திவிடும். லூப்பே இல்லாமல் லூப் பிழை.

முத்திரைகளை எண்ணுதல்

இதெல்லாம் தவறினால் கடைசித் தடுப்பு, எண்ணிக்கை. பழைய கவர்களின் பின்பக்கம் ஒவ்வொரு அஞ்சலகமும் முத்திரை குத்தியிருக்கும் இல்லையா, அதுபோல ஒவ்வொரு மெயில் சர்வரும் தலைப்பில் ஒரு ரிசீவ்டு வரியைச் சேர்க்கிறது: யாரிடமிருந்து, யார் வாங்கியது, எந்த நேரம். புது வரி மேலே சேரும் என்பதால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். இரண்டு பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் லூப். வேறு ஆராய்ச்சியே தேவையில்லை.

எத்தனை முத்திரைக்கு மேல் மறுப்பது? 2008-ல் வந்த ஆர்எஃப்சி 5321, பொதுவாக 100-க்குக் குறையாமல் வைக்கச் சொல்கிறது. நடைமுறையில் போஸ்ட்ஃபிக்ஸ் 50 என்றும், எக்சிம் என்ற இன்னொரு சர்வர் மென்பொருள் 30 என்றும் வைத்தே வருகின்றன. நல்ல மெயில் ஒன்று பத்துப் பன்னிரண்டு வரியைத் தாண்டுவதே அபூர்வம் என்பதால் 50 போதும்.

ஆனால் 50 என்றால் உடனே நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். வண்ணார்பேட்டைக் கணக்கைப் பாருங்கள். 12 எம்பி இணைப்பு மெயிலில் ஏறும்போது பேஸ்64 குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடி 16 எம்பி ஆகும். அன்று அந்த அலுவலகத்தின் அப்லோடு வேகம் விநாடிக்கு 1 மெகாபிட். ஒரு மெயில் ஒரு தடவை வெளியே போக இரண்டு நிமிடத்துக்கு மேல். ஒரு சுற்றுக்கு எங்கள் பக்கமும் கிளவுடு பக்கமும் சேர்ந்து ஆறேழு முத்திரை. 50 ஆக ஏழெட்டுச் சுற்று. அப்படி ஏழெட்டு மெயில். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அந்த லைனில் வேறு எதுவும் நகரவில்லை. தென்காசிக்குப் போகவேண்டிய பில்லும்தான்.

வரம்பைக் கூட்டினால் பிழை தள்ளிப்போகுமே தவிரத் தீராது. அதைவிட மோசமான ஒரு பழக்கம் இருக்கிறது. "உள் நெட்வொர்க் வெளியே தெரியக் கூடாது" என்று ரிசீவ்டு வரிகளையே நீக்கிவிடுவது. முத்திரையை அழித்துவிட்டால் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட சர்வர் வழியில் இருந்தால் லூப் தானாக நிற்காது, யாராவது பிளக்கைப் பிடுங்கவேண்டும்.

ஒரே மெஷினுக்குள்ளும் லூப் விழும். வைரஸ் வடிகட்டி வைக்கும்போது போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை 10024 போர்ட்டில் வடிகட்டியிடம் கொடுக்கும், அது பார்த்துவிட்டு 10025-ல் திருப்பிக் கொடுக்கும் என்பது வழக்கமான ஏற்பாடு. 10025-ல் கேட்கும் பகுதிக்கு "இதை மறுபடி வடிகட்டாதே" என்று தனியாகச் சொல்லாவிட்டால், வந்ததை அது மீண்டும் வடிகட்டிக்கே அனுப்பும். வெளியே ஒரு பைட்கூடப் போகாது. சர்வரின் ஃபேன் மட்டும் ஓலமிடும்.

எண்ணிக்கையால் பிடிக்க முடியாதவை

ஒரு மெயில் சுற்றுவது தொல்லை. மெயில் பெருகுவதுதான் ஆபத்து. "அனைவருக்கும்" என்று ஒரு குழு முகவரி. அதில் உள்ள இருவர் தங்கள் மெயிலைத் தனிப்பட்ட கணக்குக்கு ஃபார்வர்டு செய்திருக்கிறார்கள். அந்த இரண்டு கணக்குகளும் எப்படியோ குழு முகவரிக்கே திரும்பி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 2, அடுத்து 4, அடுத்து 8. சுற்றுக்கு நான்கு முத்திரை என்றால் 50 ஆகும் முன் பன்னிரண்டு சுற்று முடிந்திருக்கும், அதாவது 4096 பிரதிகள். ஒவ்வொரு சுற்றிலும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் ஒவ்வொரு பிரதி போகும். திங்கட்கிழமை காலை இதைப் பார்ப்பவரின் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இதற்கு டெலிவர்டு-டூ என்ற வரி உதவும். கியூமெயில் என்ற சர்வர் மென்பொருளும் போஸ்ட்ஃபிக்ஸும் ஒரு முகவரிக்கு ஒப்படைக்கும்போது அந்த முகவரியையே மெயிலின் தலைப்பில் எழுதிவைக்கின்றன. அதே முகவரிக்கு அதே மெயில் மறுபடி வந்தால், ஐம்பது வரை காத்திராமல் முதல் சுற்றிலேயே மறுத்துவிடும். நடுவில் இருக்கும் யாரும் அந்த வரியை அழிக்காமல் இருந்தால்தான் இது நடக்கும்.

தானியங்கிப் பதில்கள் இன்னொரு ரகம். "ஆனித் தேரோட்டத்தை முன்னிட்டு இன்று அலுவலகம் விடுமுறை" என்று நம் பக்கம் பதில் போகிறது. எதிர்ப்பக்கம் ஒரு புகார் மென்பொருள், "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று அதற்கு ஒரு எண் கொடுத்துப் பதில் அனுப்புகிறது. அதற்கும் நம் பக்கம் விடுமுறைச் செய்தி. இங்கே ஒவ்வொரு மெயிலும் புதியது, முத்திரை ஒன்று இரண்டிலேயே நிற்கும், எந்த எண்ணிக்கையும் பிடிக்காது. 2004 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 3834 இதற்காகவே எழுதப்பட்டது. தானாகப் போகும் பதிலில் ஆட்டோ-சப்மிட்டட் என்ற வரி இருக்க வேண்டும், அந்த வரி உள்ள மெயிலுக்குத் தானாகப் பதில் போடக் கூடாது. ஒழுங்கான விடுமுறைப் பதில் நிரல்கள் ஒரே ஆளுக்கு ஏழு நாளைக்கு ஒரு தடவைதான் பதில் சொல்லும். யாரோ அவசரத்தில் எழுதிய பத்து வரி ஸ்கிரிப்டுக்கு இந்த நாகரிகம் எல்லாம் தெரியாது.

பவுன்ஸ் மெயிலில் இந்தச் சிக்கலை ஆரம்பத்திலேயே யோசித்து முடித்துவிட்டார்கள். "உங்கள் மெயில் சேரவில்லை" என்ற செய்தியின் அனுப்புநர் இடம் வெறுமையாக இருக்கும். அந்தச் செய்தியும் சேராவிட்டால் அதற்கு ஒரு பவுன்ஸ் அனுப்ப முகவரியே இல்லை. அதோடு முடிந்தது. சில நிர்வாகிகள் "அனுப்புநர் இல்லாத மெயில் எல்லாம் குப்பை" என்று அவற்றை மொத்தமாகத் தடுத்துவிடுகிறார்கள். பிறகு தங்கள் மெயில் ஏன் போய்ச் சேரவில்லை என்பது அவர்களுக்கே தெரியாமல் போகிறது.

இதே வகையில், காப்பு எம்எக்ஸ் பற்றியும் என் கருத்தைச் சொல்கிறேன்: சின்ன அலுவலகத்துக்கு வேண்டாம். முதல் சர்வர் படுத்துவிட்டால் மெயில் தொலைந்துவிடும் என்ற பயத்தில் இரண்டாவது ஒன்றை வைக்கிறார்கள். அதற்கு ஆட்களின் பட்டியல் தெரியாது, வருவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். பின்னால் முதல் சர்வர் மறுத்ததும், போலி அனுப்புநர்களுக்கெல்லாம் பவுன்ஸ் அனுப்பிக் கெட்ட பெயர் வாங்கும். அனுப்பும் சர்வர் பெரும்பாலும் தானே சில நாள் முயன்று பார்க்கும், போஸ்ட்ஃபிக்ஸில் ஐந்து நாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பகுதியில் தண்ணீர் நின்றபோது எனக்குத் தெரிந்த ஒரு சர்வர் இரண்டு நாள் அணைந்து கிடந்தது. மூன்றாம் நாள் எழுந்ததும் மெயில்கள் வரிசையாக வந்து சேர்ந்தன.

லூப்புக்கு ஓர் ஊமை அண்ணன் உண்டு. மெயிலைக் கிளவுடுக்கு மாற்றிய பிறகும், இணையதளம் இருக்கும் ஹோஸ்டிங் சர்வர் "இந்த டொமைனுக்கு நான்தான் கடைசி" என்றே நினைத்துக்கொண்டிருக்கும். இணையதளப் படிவத்தில் வாடிக்கையாளர் எழுதியது எம்எக்ஸைப் பார்க்காமலே அங்கே உள்ள பழைய பெட்டியில் விழும். லூப் என்றால் சத்தம் போடும், லைன் அடைக்கும், யாராவது போன் செய்வார்கள். இதில் சத்தமே இருக்காது. மாதக்கணக்கில் ஆர்டர் அந்தக் கிணற்றில் விழுந்துகொண்டிருக்கும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் ஈமெயில் ரூட்டிங் என்ற இடத்தில் உள்ளூர் என்பதை வெளி என்று மாற்றினால் போதும்.

சரி, அன்று வண்ணார்பேட்டையில் என்ன செய்தேன்? முதலில் காத்திருக்கும் மெயில்களின் வரிசையான கியூ முழுவதையும் ஹோல்டில் நிறுத்தி வைத்தேன். அழிக்கவில்லை, அதில் யாருடைய ஆர்டர் இருக்குமோ தெரியாதே. லைன் விடுபட்டது, பில் போனது. பிறகு ஒரே ஒரு மெயிலைத் திறந்து முத்திரைகளைப் படித்தேன். திருத்தம் சின்னதுதான். கிளவுடு தனக்குத் தெரியாத பெயரை அலுவலக சர்வருக்குத் தள்ளலாம், அது அப்படியே இருக்கட்டும். அலுவலக சர்வர் தெரியாத பெயரை எங்கேயும் தள்ளக் கூடாது. கிளவுடுக்கு மாறிய ஆட்களை மட்டும் பெயர் பெயராக எழுதி, கிளவுடு கொடுத்த மாற்று டொமைனுக்குத் திருப்பினேன். அந்த மாற்று டொமைனுக்குக் கிளவுடுதான் கடைசி. பட்டியலில் இல்லாத பெயருக்கு, மெயிலின் உடலை வாங்குவதற்கு முன்பே, வாசலிலேயே 550 என்ற எண்ணோடு மறுப்பு. மைக்ரோசாஃப்ட் எக்சேஞ்ச் வைத்திருப்பவர்கள் இதே முடிவை வேறு பெயரில் எடுக்கிறார்கள். ஒரு டொமைனை "அதிகாரபூர்வம்" என்று குறிப்பதா, "உள் ரிலே" என்று குறிப்பதா என்பதுதான் அது. இரண்டு பக்கமும் ரிலே என்று இருந்தால் என் கதைதான்.

பட்டியலைப் பராமரிப்பது வேலைதான். ஆள் சேர்ந்தால், விலகினால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். கேட்ச்-ஆலின் சுகம் இதில் இல்லை.

எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சியின் மேஜையில் உட்கார்ந்து, கற்பனையாக ஒரு பெயரை அடித்து அந்த டொமைனுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். இருக்கிற ஆளுக்குச் சோதனை மெயில் அனுப்பிப் பார்த்துத்தான் முதல் தடவை ஏமாந்தேன். அண்ணாச்சி திரையை எட்டிப் பார்த்தார்.

"இது யாரு தம்பி? நம்ம கடையில இப்படி ஒரு ஆளு கிடையாதே. இல்லாத ஆளுக்கு எதுக்கு லெட்டரு போடுத?"

"இல்லைன்னு சொல்லுதானான்னு பாக்கேன், அண்ணாச்சி."

மூன்று விநாடியில் 550 வந்தது.